அம்மா பேசியதும் நான் பிரெஞ்சில் சொன்னதும்

நான் பிரெஞ்சு இலக்கியம் படித்தது அந்த மொழியின் மேல் இருந்த காதலால் அல்ல, மார்க்குக்காக. இத்தனை வருஷமாக என் மாணவிகளிடம் இதை மறைத்து வந்திருக்கிறேன். பி.யு.சி. சேர்ந்த முதல் நாள் சேலத்துக் கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் அக்கா, “தமிழ் எடுத்தா அறுபதுக்கே முக்கணும். பிரெஞ்சுன்னா பேர் எழுதத் தெரிஞ்சவளுக்கெல்லாம் தொண்ணூறு போடுவாங்க” என்றாள். அன்றைக்கே எடுத்துவிட்டேன். அந்தத் தொண்ணூறு அப்புறம் என்னை விடவில்லை. பி.ஏ.விலும் தொண்ணூறு. அதை நம்பி மெட்ராஸில் எம்.ஏ. பிரெஞ்சு இலக்கியம். (தெரிந்தே கிணற்றில் குதித்தாள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. படிக்கட்டு இருந்தது, இறங்கினேன்.)

ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் எங்கள் தோட்டம். அப்பா நிலக்கடலையும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிறவர். அவருக்கு நான் என்ன படிக்கிறேன் என்று சரியாகத் தெரியாது. ஆனால் பஸ் கண்டக்டரிலிருந்து கோயில் பூசாரி வரை எல்லோரிடமும், “எம்புள்ள பாரின் பாசை படிக்குதுங்க” என்று சொல்லியிருந்தார். படித்தால் கலெக்டர் ஆகலாமா என்று யாரோ கேட்டதற்கு, “அதுக்கும் மேலீங்க” என்று பதில் சொன்னதாகக் கேள்வி.

அதுக்கும் மேலே போய்க்கொண்டிருந்த நான், எம்.ஏ. முடிக்கும் வரை ஒரு பிரெஞ்சுக்காரரிடம்கூடப் பேசியதில்லை. எங்களுக்குப் பிரெஞ்சு நாடகத்தை ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார்கள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ராணிகள் எப்படிப் பெருமூச்சு விடுவார்கள், விதியை எப்படிச் சபிப்பார்கள், விஷத்தைக் குடிப்பதற்கு முன் எத்தனை அடி வசனம் பேசுவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். தாகம் எடுத்தால் பிரெஞ்சில் தண்ணீர் கேட்டு வாங்க முடியுமா என்பது மட்டும் சந்தேகம்.

அந்தச் சமயத்தில்தான் பெண்கள் ஆய்வு என்கிற புதிய படிப்பின் காற்று எங்கள் துறைக்குள்ளும் வீசியது. நான் உடனே பற்றிக்கொண்டேன். விடுதி மொட்டை மாடியில் நின்று பெண் விடுதலை பற்றித் துணி உலர்த்த வந்தவர்களிடமெல்லாம் பேசினேன். பிரெஞ்சு நாவல்களில் பெண்ணின் குரலை அமுக்குகிறவர்கள் யார் என்று பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரையும் எழுதினேன். தகப்பன், கணவன், பாதிரியார் என்று மூன்று பேரைக் கண்டுபிடித்திருந்தேன். மகள் என்று நாலாவதாக ஒருத்தி இருப்பது எனக்கு அப்போது தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எம்.ஏ. முடிந்து எம்.ஃபில்.லுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒரே ஒரு இடம்தான். ஒருநாள் துறைத்தலைவர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

“பாரிஸ்லேருந்து மதாம் மர்த்தின்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. கிராமத்துப் பெண்களோட வேலையைப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்க. சேலம் பக்கம் போகணுமாம். மொழிபெயர்க்க ஆள் வேணும். நீ அந்தப் பக்கம்தானே?”

“ஆமாம் மேடம்.”

“சரளமா பேசுவியா?”

“பேசுவேன் மேடம்.”

“அவங்க உன்னைப் பத்தி எழுதித் தர்ற கடிதத்தை வெச்சுத்தான் அந்த எம்.ஃபில். இடத்தை முடிவு பண்ணப் போறேன்” என்றார். பொய் ஏற்கெனவே வாயிலிருந்து இறங்கிப் போய்விட்டிருந்தது. திரும்பக் கூப்பிட முடியவில்லை.

எந்தக் கிராமம் என்று என்னையே தேர்வு செய்யச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தையே சொன்னேன். வேற்றூரில் மாட்டிக்கொள்வதைவிடச் சொந்த ஊரில் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். (என் புத்தியைப் பற்றி இதற்கு மேல் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை.)

சேலம் ஜங்ஷனில் காலை ரயிலிலிருந்து மதாம் மர்த்தின் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். நெட்டையாக, வெளுத்த பருத்திச் சட்டையும் காலில் ரப்பர் செருப்புமாக, தோளில் ஒரு துணிப்பை. நான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வரவேற்பை எடுத்து விட்டேன். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: “பெருமாட்டியே, தங்கள் வருகையால் அடியேன் உள்ளம் உவகையில் ஆழ்ந்தது.” அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு சிரித்தபடி வேகமாக ஏதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது “காப்பி” மட்டும்தான். வாங்கிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் ராசிபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் அவர் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். எனக்குப் பாதிக்குமேல் புரிய ஆரம்பித்தது. கொஞ்சம் தைரியமும் வந்தது.

தோட்டத்தில் அப்பா வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட வேட்டியோடு நின்றிருந்தார். மீசையை முறுக்கி விட்டிருந்தார். கும்பிட்டுவிட்டு மோட்டார் ரூம் பக்கம் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைப் பழுது பார்ப்பவர்போல் நின்றுகொண்டார். நாங்கள் பேசுவது அங்கே நன்றாகக் கேட்கும்.

வேப்பமரத்தடியில் அம்மாவும் பழனியம்மாவும் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். பழனியம்மா எங்கள் காட்டில் வருஷக்கணக்காக வேலை செய்கிறவர், அம்மாவின் வயதுதான். மதாம் மர்த்தின் நாற்காலியை மறுத்துவிட்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்து தானும் கடலை உரிக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப் போயிற்று.

“இவிய பேரென்ன கண்ணு?” என்று என்னிடம் கேட்டாள்.

“மர்த்தின்.”

“மருதாயியா. நல்ல பேரு” என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டில் மருதாயிதான்.

மதாம் மர்த்தின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டார். ஒரு நாளில் என்னென்ன வேலை செய்கிறீர்கள்? இது எனக்குச் சுலபமாகவே இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். அம்மா கடலையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

“கோழி கூப்புடறப்ப எந்திரிப்பனுங்க. வாசக் கூட்டி, சாணி கரைச்சுத் தெளிச்சு, கட்டுத்தரையில சாணி அள்ளி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பாலக் கறந்து, அதக் கொண்டுபோய் ரோட்டுல பால்காரருக்கு ஊத்திப்போட்டு வந்து, ஒலை வெச்சு, இவங்கப்பாவுக்குச் சோறாக்கி, ஆளுங்களுக்குக் களி கிண்டி, அப்பறம் காட்டுக்குப் போனா களையெடுக்கறது, கடலை புடுங்கறது, கெழங்குக்குத் தண்ணி கட்டறது. பொழுதோட வந்து மறுக்காவும் மாடு, பாலு, அடுப்பு. ஏனத்தக் கழுவிக் கவுத்துப்போட்டுப் படுத்தா, எருமை கத்துனா எந்திரிக்கோணும்.”

சாணிக்குப் பிரெஞ்சில் என்ன? கட்டுத்தரைக்கு? களி கிண்டுவதற்கு? என் ராணிகள் ஒருத்திகூடச் சாணி அள்ளியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: “இவள் வைகறையில் துயில் எழுகிறாள். அந்தி வரை உழைக்கிறாள்.”

மதாம் மர்த்தின் எழுதிக்கொண்டு அடுத்து என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“அவ்வளவுதானா?” என்றாள் அம்மா.

“பிரெஞ்சு ரொம்பச் சுருக்கமான பாஷைம்மா.”

“எருமைகூட வந்துருச்சா?”

“எல்லாம் வந்துருச்சு.”

அம்மா பழனியம்மாவைப் பார்த்தாள். இருவரும் மறுபடி கடலையை எடுத்தார்கள்.

அடுத்த கேள்வி: உங்கள் கணவர் வீட்டு வேலையில் உதவுவாரா?

நான் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். அம்மா, “அவியளா?” என்றாள். அவ்வளவுதான் பதில். பழனியம்மா சிரித்த சிரிப்பில் முறத்தில் இருந்த கடலை பாதி மண்ணில் கொட்டியது. மோட்டார் ரூம் வாசலில் அப்பாவின் முதுகு விறைத்தது.

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பெண் விடுதலை முழுக்க ஆவியாகிப் போனது. பாரிஸில் அச்சாகப் போகிற புத்தகத்தில் என் அப்பா எப்படி வர வேண்டும் என்று கண்ணுக்குள் ஓடியது. நான் பேச ஆரம்பித்தேன். என் தந்தை மென்மையான இதயம் படைத்தவர், மனைவியின் சுமையைத் தன் சுமையாகக் கருதுபவர், காலையில் கிணற்றிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வருவார், வாசலைத் தாமே பெருக்குவார், எல்லாம் சொன்னேன். மென்மையான இதயம், சுமை, கண்ணீர் இதற்கெல்லாம் என்னிடம் வார்த்தைகள் மலிந்து கிடந்தன. துடைப்பத்துக்குக்கூட எப்படியோ வார்த்தை தெரிந்திருந்தது. ஒரு முழு நிமிஷம் பேசியிருப்பேன்.

“ஏஞ் சாமி,” என்றாள் அம்மா, “நான் ஒத்த வார்த்தைதான சொன்னேன். சுருக்கமான பாசைன்னியே?”

“மரியாதையா சொல்லணும்னா கொஞ்சம் நீளும்மா.”

மூன்றாவது கேள்வி: வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவீர்களா?

“அவிய சாப்புட்டு, ஆளுங்க சாப்புட்டு, மிஞ்சுனா நானு. மிஞ்சாட்டி ஒரு காப்பி” என்றாள் அம்மா.

“நாங்கள் அனைவரும் ஒன்றாக அமர்ந்து மகிழ்வுடன் உண்கிறோம்” என்றேன் நான். இதற்குள் எனக்குப் பழகிவிட்டது. வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. சரளமாகப் பேசுவேன் என்று துறைத்தலைவரிடம் சொன்னது பொய்யில்லை என்றே தோன்றியது.

மதாம் மர்த்தினுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேட்டதைச் சின்னச் சின்னப் படமாக வரைந்து, சொன்னவர்களிடமே காட்டிச் சரிதானா என்று கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் திருத்தம் சொல்லலாம் அல்லவா? நல்ல முறைதான். எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

அவர் நோட்டை அம்மாவின் மடியில் வைத்தார். அம்மாவும் பழனியம்மாவும் குனிந்து பார்த்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள்.

“ஏனுங்க, இது ஆரு?” என்றார் பழனியம்மா. “இடுப்புல கொடம் வெச்சுக்கிட்டுப் போறாங்களே.”

“மீசை இருக்குது பாரு” என்றாள் அம்மா.

“இதாருங்க, சீமாறு புடிச்சுட்டுக் கூட்டறது?”

“அதுக்கும் மீசை இருக்குது.”

நான் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். கால் மரத்துப் போயிருந்தது. அப்பாவுக்கு அதற்கு மேல் மோட்டாரைப் பழுது பார்க்க முடியவில்லை. வந்து அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒரு படத்தில் குடமும் இன்னொன்றில் சீமாறுமாகத் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மீசை நல்லா வந்துருக்குது” என்றார் கடைசியில். “கொடத்த நானு எப்பத் தூக்குனேன்?”

“தூக்குனதே இல்லீங்க. அதத்தான் நானும் சொன்னேன்” என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ என்ன சாமி சொன்னே?”

நான் முறத்தில் இருந்த கடலையைக் கிளறினேன். அதுவே போதுமான பதிலாக இருந்தது. மதாம் மர்த்தின் எங்கள் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக ஊர் ஊராகப் பெண்களிடம் பேசுகிறவர். பேனாவை மூடி வைத்துவிட்டு, “உன் அம்மா சொன்னது இது இல்லை, அப்படித்தானே?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“இல்லை” என்றேன். அன்று நான் சொன்ன முதல் சரியான பிரெஞ்சு வார்த்தை அது.

கோபித்துக்கொள்வார், எம்.ஃபில். போயிற்று, மெட்ராஸ் போயிற்று என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் புதுப் பக்கம் திருப்பினார். அம்மாவும் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“மறுக்கா முதல்ல இருந்து சொல்றேன். நான் சொன்னதச் சொன்னபடி சொல்லோணும். பத்து வார்த்தை சொன்னா பத்து வரோணும்.”

“எனக்குச் சாணிக்குப் பிரெஞ்சு தெரியாதும்மா.”

இதைச் சொல்லும்போதுதான் அழுதேன். ஆறு வருஷம் படித்த மொழி.

“அதுக்கு எதுக்கு அழுகறே? காட்டுனாப் போச்சு” என்று எழுந்தாள் அம்மா.

அப்படியே ஊர்வலமாகப் போனோம். அம்மா முன்னால், மதாம் மர்த்தின் பின்னால், கண்ணைத் துடைத்துக்கொண்டே நான், வேடிக்கை பார்க்கப் பழனியம்மா, சற்று தள்ளி அப்பா. கட்டுத்தரையில் அம்மா குனிந்து ஒரு கை சாணியை அள்ளிக் காட்டினாள்.

“பூஸ்” என்றார் மதாம் மர்த்தின்.

“ஆமாங்க, பூசறதுதான். வாசலுக்குப் பூசறது” என்றாள் அம்மா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நம்ம பாசை மாதிரித்தான இருக்குது. இதத்தான் தெரியலீன்னியா?”

தொட்டி, தாம்புக்கயிறு, தவிடு, உலை, களி கிண்டுகிற துடுப்பு, முறம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இடம் போதாமல் முழங்கை வரை போயிற்று. எம்.ஏ.வில் இரண்டு வருஷத்தில் கற்றதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் கற்றேன். எருமையும் வந்தது, இந்தத் தடவை அதன் கத்தலோடு.

வேப்பமரத்தடிக்குத் திரும்பியதும் அப்பாவும் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி மறைவாக நின்று என்ன பயன் என்று நினைத்திருக்க வேண்டும். மதாம் மர்த்தின் அடுத்த கேள்வியைக் கேட்டார்: மகளை இவ்வளவு தூரம் படிக்க வைத்தது யாருடைய முடிவு?

நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார். இந்தக் கேள்வி தனக்கானது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. அம்மா அவரை ஒரு தடவை பார்த்தாள், பிறகு மருதாயியைப் பார்த்தாள்.

“இவ பி.யு.சி. முடிச்ச வருசம், திருச்செங்கோட்டுல கெணறு போர் போடற லாரி வெச்சிருக்கறவிய பொண்ணு கேட்டு வந்தாங்க. இவங்கப்பா சரின்னுட்டாரு. படிச்சது போதும்னாரு. எனக்கு மனசு கேக்கலீங்க. மலைக்கோயிலுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டு, பஸ் ஏறி நேரா மாப்பிள்ளை ஊட்டுக்குப் போனேன்.”

அப்பாவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

“மாப்பிள்ளையோட அம்மாகிட்டச் சொன்னேன். எம்பொண்ணுக்குச் சோறாக்கத் தெரியாதுங்க. பொழுது கெளம்பி ஏழு மணி ஆனாத்தான் எந்திரிக்கும். ஒன்னு சொன்னா ஒம்போது பேசும். கோவம் வந்தா போசியத் தூக்கி எறியும். தெரிஞ்சு கட்டுனா நாளைக்கு எம்மேல பழி சொல்லக் கூடாதுன்னேன். அந்தம்மா நல்லவிய. வெளிய தெரியாம, சாதகம் சேரலைன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க.”

எனக்கு இது முழுக்கப் புதுச் செய்தி. ஜாதகம் சேராததால்தான் நான் மேலே படித்து மெட்ராஸ் வரை போனேன் என்று அதுநாள் வரை நவக்கிரகங்களுக்கு நன்றி சொல்லி வந்தவள் நான்.

“அம்மா, இத வேண்டாம்னு விட்றலாமே” என்றேன்.

“பத்து வார்த்தைக்குப் பத்து வார்த்தை” என்றாள் அம்மா.

சொன்னேன். என் மகளுக்குச் சமைக்கத் தெரியாது. அவள் சோம்பேறி. அவள் வாயாடி. அவள் பாத்திரங்களை எறிவாள். என் மொழிபெயர்ப்பு வாழ்க்கையில் பிழையே இல்லாமல் நான் சொன்ன முதல் நாலு வாக்கியங்கள் இவைதான். மதாம் மர்த்தின் எழுதுவதை நிறுத்தி, “இது உன்னைப் பற்றியா?” என்று இரக்கத்தோடு கேட்டார். ஆமாம் என்றேன். (போசியை எறிந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் காலிப் போசி. அன்று இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.)

நான் அப்பா முகத்தைப் பார்க்காமல் கடலைத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் பொண்ணைப் படிக்க வைத்தவர் என்று பெயர் வாங்கியிருக்கிற மனிதர். அதை வேலைக்காரம்மா முன்னால், வெளிநாட்டுக்காரர் முன்னால் அம்மா பறித்துவிட்டாள். எழுந்து போய்விடுவார், அல்லது இதோடு மெட்ராஸ் போதும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“அஞ்சு வருசமா நான் இவ சாதகத்த எழுதுன சோசியருகூடப் பேசறதில்ல” என்றார் அப்பா.

“தெரியுமுங்க” என்றாள் அம்மா.

“சந்தையில எதுக்கால வந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிருக்கறேன்.”

“அதுவும் தெரியுமுங்க. பாவம், நல்ல மனுசன்.”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதற்குள்ளிருந்து என்ன முகம் வெளியே வரப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண முகம்தான் வந்தது.

“எழுதிக்கச் சொல்லு, அம்மணி. நெசந்தான். நான் போதும்னுதான் சொன்னேன்.”

அதையும் சொன்னேன். குரல் கொஞ்சம் தடுமாறியது, இலக்கணம் தடுமாறவில்லை. மதாம் மர்த்தின் எழுதி முடித்துவிட்டு, எழுந்து போய் அப்பாவுக்குக் கை கொடுத்தார். அப்பா அன்றுதான் முதல் தடவையாக ஒரு பெண்ணுக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தனியாக வைத்திருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். “எல்லாரும் ஒன்னாச் சாப்புடறோம்னு இவ சொல்லிப்போட்டா. அந்தப் பேச்சாவது பொய்யாப் போகக் கூடாது” என்று நாலு இலை போட்டாள். உட்கார்ந்தோம். இலையில் உப்பு இருந்தது. வேறு எதுவும் இல்லை. எல்லோரும் உட்கார்ந்துவிட்டதால் பரிமாற ஆளில்லை. இதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. அம்மா எழுந்திருக்கப் போனாள். அப்பா, “நீ இரு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார்.

உள்ளே பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் வந்தது. “கரண்டி எங்கிருக்குது?” என்று ஒரு குரல். “ஆணியில.” “எந்த ஆணி?” அப்பா அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், வயது ஐம்பத்திரண்டு. ஒருவழியாகச் சோற்றோடு வந்தார். குழம்பு என்று நினைத்துக் கொண்டுவந்து ஊற்றியது மாட்டுக்கு எடுத்து வைத்திருந்த கழுநீர். அம்மா இலையைத் தள்ளி வைத்து, சத்தம் வராமல் உடம்பு குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்போது மதாம் மர்த்தின் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: பழனியம்மா எங்கே?

அதை அப்படியே தமிழில் சொன்னேன். வெளியே தாழ்வாரத்தில் சோற்று வட்டலோடு உட்கார்ந்திருந்த பழனியம்மாதான் குரல் கொடுத்தார்: “நான் இங்கயே இருக்கறனுங்க. காத்து நல்லா வருது.”

அதையும் சொன்னேன், பத்து வார்த்தைக்குப் பத்து வார்த்தை. மதாம் மர்த்தின் நோட்டை எடுத்து எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். அம்மா தலையைக் குனிந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலை அப்பா ஒரு தார் வாழைப்பழத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சோசியர் வீட்டுக்குப் போனார். எதற்கு இந்தத் திடீர் மரியாதை என்று அந்த மனிதருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

மதாம் மர்த்தின் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்துத் துறைத்தலைவர் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைப் படித்துக் காட்டினார். “இந்தப் பெண் மொழிபெயர்ப்பாளராக இருக்கத் தகுதியற்றவர். நான் பார்த்ததிலேயே துணிச்சலாகப் பொய் சொன்னவர் இவர்தான். ஆனால் பிடிபட்ட பிறகு, தன்னைப் பற்றிய எதையும் விடாமல் மொழிபெயர்த்தார். இவருக்கு ஆய்வு செய்ய இடம் கொடுங்கள். முடிந்தால் இவருடைய தாயாருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.”

எனக்கு மட்டும்தான் கிடைத்தது. ராணிகளின் பெருமூச்சை விட்டுவிட்டு, பிரெஞ்சு நாவல்களில் சமைக்கிற, துவைக்கிற, மாடு மேய்க்கிற பெண்கள் எந்தெந்தப் பக்கத்தில் எத்தனை வரி பேசுகிறார்கள் என்று தேடிப் போனேன். அதிகம் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதுதான் என் ஆய்வாயிற்று. அப்புறம் சேலத்திலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை. சாணிக்குப் பிரெஞ்சு வார்த்தை தெரியாமல் என் வகுப்பிலிருந்து ஒரு மாணவியும் வெளியே போனதில்லை.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. யாராவது எதையாவது பூசி மெழுகினால், பாதியை விழுங்கினால், “பிரெஞ்சுல சொல்லாத” என்பார்கள். பரீட்சை சுமாராக எழுதியதாக என் மகள் சொன்னால், “தமிழா, பிரெஞ்சா?” என்று அப்பா கேட்பார். கல்யாண வீட்டுச் சாப்பாடு பிரமாதம் என்று யாராவது சொன்னால் அம்மா, “அது பிரெஞ்சு” என்பாள். பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள். அவர்களுக்குச் செய்ய வேண்டிய மன்னிப்பு என் கணக்கில் இருக்கிறது.

போன வருஷம் அம்மாவை முழங்கால் வலிக்காகச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டி, ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் பேசினார். மூட்டு தேய்ந்துவிட்டது, அறுவை செய்தாக வேண்டும், இந்த வயதில் இன்னின்ன கவனிக்க வேண்டும், இனி காட்டு வேலை கூடாது, மாடு கூடாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், “என்ன சொன்னாரு?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் தேய்மானம். பாத்துக்கலாம்னார்.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். எண்பதைத் தாண்டியவள். கண் புரை எடுத்த பிறகு பார்வை இன்னும் கூர்மையாகிவிட்டது.

“அத்தன நேரம் பேசுனாரு. நீ மூணு வார்த்தையில முடிச்சுட்டே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சில் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை வரிசையாக, எதையும் விடாமல் சொன்னேன். மாட்டைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் முழங்காலை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

“இப்பத்தான் சாமி தமிழ்ல பேசறே” என்றாள்.